கல்கத்தாவிலிருந்து வந்த சட்டம், பினாங்கில் நடக்காத ஊர்வலம்

2018 ஆகஸ்ட் மாதம், பினாங்கின் ஜார்ஜ் டவுன் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கண்காட்சிச் சுவரிலிருந்து இரண்டு படங்கள் இறக்கப்பட்டன. தேசியக் கொடியோடு நிற்கும் மலேசியர்களைப் புகைப்படக் கலைஞர் மூரியாமீன் முகமட் எடுத்த படவரிசை அது. இறக்கப்பட்டவற்றில் ஒன்றில் இருந்தவர் நிஷா அயூப். திருநங்கையருக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர், 2016-ல் அமெரிக்க அரசின் துணிச்சல்மிகு பெண்களுக்கான விருதைப் பெற்றவர். மற்றொருவர் பாங் கீ தெய்க், கலைத்துறை ஆர்வலர், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா, படங்களை எடுக்கச் சொன்னது தாம்தான் என்று ஒப்புக்கொண்டார். அறுபது ஆண்டு ஆட்சி கவிழ்ந்து, புதிய அரசு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாற்றம் வந்துவிட்டது என்று ஊரே பூரித்திருந்த நேரம்.

அடுத்த மாதம், செப்டம்பர் 6-ஆம் தேதி, இந்திய உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, மனமொத்த வயது வந்தவர்களின் ஒருபால் உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சென்னையிலும் மும்பையிலும் மக்கள் வீதியில் ஆடினார்கள். அதே எண் கொண்ட பிரிவு எங்கள் தண்டனைச் சட்டத்திலும் இருக்கிறது. தற்செயலான ஒற்றுமை அல்ல இது. வங்காள விரிகுடாவைக் கடந்து எங்கள் பாட்டன் பூட்டன் வந்த வழியிலேயே அதுவும் வந்தது.

பினாங்கை 1867 வரை ஆண்டது கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் இந்திய நிர்வாகம். அந்த ஆண்டுதான் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடிப் பார்வைக்குப் போயின. ஆனாலும் சட்டப் புத்தகம் எழுத நேரம் வந்தபோது, 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1872-ல் அது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் அமலுக்கு வந்தது. 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உறவு என்று பேசும் 377-ம் கூடவே வந்து இறங்கியது. 1938-ல் ஆண்களுக்கிடையிலான 'ஒழுக்கக்கேட்டை'க் குற்றமாக்கும் 377ஏ-வையும் இங்கே சேர்த்தார்கள். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தின் கூச்சங்களெல்லாம் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையாயின. எழுதிய இங்கிலாந்து 1967-ல் தன் வீட்டில் அதைத் தளர்த்தத் தொடங்கியது. மலேசியாவிலோ இன்று 20 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. இதை "கீழை நாட்டுப் பண்பாடு" என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. மெக்காலே தலைமையில் உட்கார்ந்த குழு வரைந்த வாசகம் எப்போது நம் பாட்டி சொன்ன நெறியானது?

பினாங்குக்காரர்களுக்கு இந்தப் பிரிவு வெறும் புத்தகச் சங்கதியும் அல்ல. பெருநிலத்தில் இருக்கும் பெர்மாத்தாங் பாவ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அன்வார் இப்ராஹிம் இதே குற்றச்சாட்டில் இருமுறை சிறை சென்றார். ஜார்ஜ் டவுனில் பிறந்த கர்ப்பால் சிங் அவருக்காக வாதாடினார். 1998-ல் தொடங்கி இருபது ஆண்டுகள், ஒரு நாட்டின் அரசியலே இந்தப் பிரிவைச் சுற்றிச் சுழன்றது. 2018-ல் அரச மன்னிப்புப் பெற்று, 2022-ல் பிரதமரானார் அன்வார். தன்பாலீர்ப்பாளர் உரிமையைத் தம் அரசு ஏற்காது என்று பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே சொல்லிவிட்டார்.

தன்பாலீர்ப்பாளரும் திருநங்கையரும் வீதிக்கு வந்து நடக்கும் பழக்கம் எங்கே பிறந்தது என்றும் சொல்ல வேண்டும். பலரும் 1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸ் புகுந்ததையும், உள்ளே இருந்தவர்கள் எதிர்த்து நின்றதையும் சொல்வார்கள். கலகம் அங்கே நடந்தது உண்மை. ஊர்வலத்தின் வேர் இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறது. 1965 முதல் ஆண்டுதோறும் ஜூலை 4-ஆம் தேதி, பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்தின் முன்னால் ஒரு சிறு கூட்டம் அட்டை பிடித்து மறியல் செய்யும். ஆண்கள் கோட்டு, டை, பெண்கள் கவுன். கட்டுப்பாட்டை விதித்தவர் ஃப்ராங்க் காமெனி. வானியல் அறிஞரான அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே அமெரிக்க அரசு வேலையிலிருந்து நீக்கியிருந்தது. எங்களுக்கும் வேலை கொடுங்கள் என்று கேட்க வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் போலவே தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது.

ஸ்டோன்வால் முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் 1969-ன் மறியல் நடந்தது. இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தார்கள். காமெனி போய் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டார். அதைப் பார்த்துக் கொதித்தவர்களில் ஒருவர் கிரெய்க் ராட்வெல், நியூயார்க்கில் ஆஸ்கார் ஒயில்டின் பெயரில் புத்தகக் கடை வைத்திருந்தவர். அந்த நவம்பரில் அவரும் ஃப்ரெட் சார்ஜன்ட், எலன் பிராய்டி, லிண்டா ரோட்ஸ் ஆகியோரும் சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். மறியலை நியூயார்க்குக்கு மாற்றுவது, ஜூன் கடைசியில் நடத்துவது, உடைக்கோ வயதுக்கோ எந்தக் கட்டுப்பாடும் வைக்கக்கூடாது. 1970 ஜூன் 28-ஆம் தேதி கிரீன்விச் வில்லேஜிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை சுமார் 50 தெரு தூரம். கல் விழுமோ, துப்பாக்கி வெடிக்குமோ என்று பயந்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சில நூறு பேராகக் கிளம்பிய கூட்டம் வழியெங்கும் சேர்ந்து ஆயிரக்கணக்கானது. இன்றைக்கு மேலை நகரங்களில் வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் வண்டி அலங்கரித்து வரும் விழாவுக்கு மூலம், பிரித்துவிடப்பட்ட இரண்டு கைகள் என்றே நான் நினைக்கிறேன்.

தெற்காசியாவில் முதல் நடை கல்கத்தாவில்தான். ஆம், சட்டம் கிளம்பி வந்த அதே ஊரில். 1999 ஜூலை 2, மழைக்காலம், 15 பேர். 'நட்பு நடை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்து 2009 ஜூன் 28-ல் சென்னை மெரினாவில் வானவில் பேரணி நடந்தது. நான்கு நாளில், சரியாக அந்தக் கல்கத்தா நடையின் பத்தாம் ஆண்டு நாளில், டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது. சென்னையில் பிறந்த அஞ்சலி கோபாலன் தொடங்கிய நாஸ் அறக்கட்டளை போட்ட வழக்கு அது. 2012 ஜூலையில் மதுரையில் கோபி ஷங்கர் முன்னின்று நடத்திய பேரணியைத் தொடங்கிவைத்தவரும் அஞ்சலிதான். 2013-ல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் நடை நிற்கவில்லை.

மலேசியாவில் ஊர்வலம் இல்லை. ஊர்வலம் பிறக்கக்கூடிய இடம் ஒன்று மட்டும் இருந்தது. 2008-ல் பாங் கீ தெய்க்கும் பாடகர் ஜெரோம் குகனும் சேர்ந்து கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டின் அனெக்ஸ் காலரியில் 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' விழாவைத் தொடங்கினார்கள். கருத்தரங்கு, நாடகம், படம், புத்தக வெளியீடு, சட்ட ஆலோசனைப் பட்டறை. கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். தன் பிள்ளையைப் பற்றிக் கேட்க வந்த அம்மாவுக்கும் அங்கே இடம் இருந்தது. மூன்று ஆண்டு பெரிய தொந்தரவு இல்லாமல் நடந்தது. இன்று 20 வயதில் இருக்கும் பினாங்குப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நாடு படிப்படியாகத் திறந்துகொண்டுதான் வரும் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு, 2008-ல் திறந்திருந்த கதவு 2011-ல் அடைபட்ட கணக்கு பிடிபடுவதில்லை.

அந்த 2011-ஐக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜூலை 9-ஆம் தேதி தூய்மையான தேர்தல் கேட்டு பெர்சே பேரணி கோலாலம்பூரைத் திணற அடித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் அம்பிகா சீனிவாசன், முன்னாள் வழக்கறிஞர் மன்றத் தலைவர், நிஷாவுக்கு ஏழு ஆண்டு முன்பே அதே அமெரிக்க விருதைப் பெற்றவர். நவம்பரில் நடக்கவிருந்த செக்சுவாலிட்டி மெர்டேக்கா விழாவைத் தொடங்கிவைக்க அவர் சம்மதித்தார். அவ்வளவுதான், அதுவரை யார் கண்ணிலும் படாத விழா எல்லோர் வாயிலும் அடிபட்டது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியில் இருந்த சமயவாதிகளும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று போலீஸ் தடை விதித்தது. ஏற்பாட்டாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2012-ல் மனு தள்ளுபடியானது. தேர்தல் சீர்திருத்தம் கேட்ட ஒரு பெண்ணை மடக்க, ஏற்கெனவே ஒடுங்கிக் கிடந்தவர்களின் ஒரே முற்றத்தை இடித்தார்கள் என்பது என் முடிவு. அம்பிகா அதற்காகப் பின்வாங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாயகம், சமயம், மானம் என்று நம் சமூகத்திலிருந்தே வந்த ஏச்சுகளையும் அவர் தாங்கினார்.

பினாங்குக்கு வருவோம். ஊர்வலங்களுக்கு இடம் விடத் தெரிந்த ஊர் இது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் கிளம்பும். 2017 முதல் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் வருகிறது. சீனர்களின் சிங்கே, விசாக தினத்து அலங்கார வண்டிகள், மீலாது நபி அணிவகுப்பு, புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழாவின் மெழுகுவர்த்திப் பவனி. ஒருவர் ஊர்வலத்துக்கு மற்றவர் சாலையை விட்டுக்கொடுத்துத்தான் இந்த ஊர் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறும் பக்தர்களில் திருநங்கையரும் உண்டு. பால்குடம் தூக்கி வரும் அவர்கள் காலில் மஞ்சள் நீர் ஊற்றிக் கும்பிடும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் அதே பெண் வாடகைக்கு அறை கேட்டுப் போனால் கதவு திறக்காது. அடையாள அட்டையில் ஆண் என்று இருக்கும்; வேலை கிடைக்காது. மலாய் மொழியில் 'மாக் ஞா' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் திருநங்கையருக்கு ஒரு காலத்தில் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே கிடைத்தது. 1983-ல் முஸ்லிம்களுக்கு அதைத் தடைசெய்து சமயத் தீர்ப்பு வந்தபின் மற்றவர்களுக்கும் அந்த வழி சுருங்கிப்போனது. மூத்த திருநங்கையர் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஏக்கம் தெரியும். போலீஸ் கெடுபிடி அப்போதும் இருந்தது, ஆனால் அக்கம்பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்பார்கள்.

2014-ல் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நெகிரி செம்பிலானைச் சேர்ந்த மூன்று திருநங்கையர் தொடுத்த வழக்கில், பெண் உடை உடுத்துவதைக் குற்றமாக்கும் சமயச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே கூட்டரசு நீதிமன்றம், வழக்கு வந்த வழிமுறை சரியில்லை என்று அதை ரத்து செய்தது. 2017 பிப்ரவரியில் குவாந்தானில் ஒரு தமிழ்த் திருநங்கை கொடூரமாகக் கொல்லப்பட்டார். 2019 மார்ச்சில் கோலாலம்பூர் மகளிர் தினப் பேரணியில் சிலர் வானவில் கொடி பிடித்தார்கள். பேரணி நடத்தியவர்களையே போலீஸ் விசாரணைக்கு அழைத்தது. 2023-ல் வானவில் நிறம் கொண்ட 172 ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களைக் கடைகளிலிருந்து அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

எங்கள் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்? அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்க்கிறார்கள். சிங்கப்பூர் ஹொங் லிம் பூங்காவில் 2009-ல் 2,500 பேர் இளஞ்சிவப்பு உடையில் கூடிய பிங்க் டாட், சில ஆண்டுகளில் பத்து மடங்கானது. 2022-ல் அங்கே நாடாளுமன்றம் 377ஏ-வை நீக்க வாக்களித்தது. ஆனால் 2017 முதல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே அந்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ளலாம். அந்த ஆண்டு நுழைவாயிலில் அடையாள அட்டை பார்த்தார்கள். மலேசிய அட்டை மட்டும் வைத்திருப்பவர் வெளியே நிற்க வேண்டியதுதான். வடக்கே போனால் கதை வேறு. 2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் ஒரே பாலினத்தவர் சட்டப்படி மணம் புரியலாம். படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலில் பாடாங் பெசார், எல்லை தாண்டினால் ஹாட் யாய். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அங்கே வாங்கும் திருமணச் சான்று திரும்பி வரும் ரயிலில் எல்லையைக் கடந்ததும் வெற்றுத் தாளாகிவிடும். வைத்திருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் தாளாகவும் ஆகலாம்.

ஊரை விட்டுப் போகாமல் வாழ்வதற்குத்தான் அவர்கள் வழி கேட்கிறார்கள். 2024-ல் கிளந்தானின் சமயச் சட்டப் பிரிவுகள் பதினாறைக் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தக் குற்றங்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கூட்டரசுக்கே உண்டு என்பது முக்கியக் காரணம். ஆகவே எந்தப் பக்கம் சுற்றினாலும் 1872-ல் வந்து இறங்கிய அந்தப் பிரிவிடமே வந்து நிற்கிறோம். அதை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. பினாங்கிலிருந்து 13 பேர் அங்கே போகிறார்கள். அவர்களில் ஒருவராவது 377-ஐப் பற்றி அவையில் எழுந்து பேச வேண்டும் என்று கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், வாக்காளர்களாகிய நாம். என் தொகுதிக்காரருக்கு நான் எழுதுகிறேன்.