ரோகிணி எத்தனை கிலோமீட்டர்?

தீபாவளி விடுமுறைக்குப் புனேயிலிருந்து வந்திருந்த பேத்தியை இங்கே ராமன் அறிவியல் மையத்தின் கோளரங்கத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அவள் பிறந்த நட்சத்திரம் ரோகிணி. மேல்நாட்டார் ஆல்டிபரான் என்று அழைப்பதும் அதே விண்மீனைத்தான். வீடு திரும்பியதும் கேட்டாள்: "தாத்தா, ரோகிணி 65 ஒளியாண்டு தூரத்துல இருக்காம். அது எத்தனை கிலோமீட்டர்?"

முப்பத்தைந்து வருடம் ரயில் பாதையை அளந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஓர் ஒளியாண்டு 9.46 டிரில்லியன் கிலோமீட்டர் என்று எங்கோ படித்த ஞாபகம். டிரில்லியன் என்றால் ஆயிரம் கோடி என்று மனத்தில் கொண்டு, "ஆறு லட்சம் கோடி கிலோமீட்டர் அம்மா" என்றேன். அவளும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நோட்டோடு வந்து நின்றாள். "தாத்தா, ஓர் ஒளியாண்டே ஒன்பது லட்சம் கோடி கிலோமீட்டர் வருதே! 65 ஒளியாண்டு எப்படி ஆறு லட்சம் கோடி ஆகும்?"

நூறு மடங்கு தவறு! பில்லியன் என்பது நூறு கோடி. டிரில்லியன் என்பது லட்சம் கோடி. காப்பி ஆறிப்போனது. காகிதமும் பென்சிலும் எடுத்து இருவருமாக முதலிலிருந்து தொடங்கினோம். அன்று போட்ட கணக்கைத்தான் வாசக அன்பர்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. ஒளியாண்டு என்பது காலம் அல்ல, தூரம். நாமும் "நாக்பூரிலிருந்து சேவாகிராம் ஒரு மணி நேரம்" என்று தூரத்தை நேரத்தால் சொல்வதில்லையா? அதுபோலத்தான். ஒளி ஒரு நொடியில் 2,99,792.458 கி.மீ. போகிறது. இது தோராயம் அல்ல. 1983 முதல் மீட்டர் என்ற அளவையே ஒளியின் இந்த வேகத்தை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். ஆண்டுக்கு 365.25 நாள், நாளுக்கு 86,400 நொடி. ஆக 3,15,57,600 நொடிகள். இரண்டையும் பெருக்கினால் சுமார் 9.46 லட்சம் கோடி கி.மீ. அதை 65-ஆல் பெருக்கினால் 615 லட்சம் கோடி கி.மீ. இதுதான் ரோகிணியின் தூரம்.

"அவ்வளவு பெரிய எண் மனசுல நிக்கலையே தாத்தா" என்றாள். எனக்கும் நிற்கவில்லை. ஆகவே அருகில் இருப்பதிலிருந்து தொடங்கினோம். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரி தூரத்தை வானியல் அலகு என்பார்கள். 2012-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதைச் சரியாக 149,59,78,70,700 மீட்டர் என்று நிர்ணயித்தது, சுமார் 14.96 கோடி கி.மீ. நம் நாட்டின் முதல் பயணி ரயில் 1853 ஏப்ரல் 16-ல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்குப் புறப்பட்டது. அது தாணேயில் நிற்காமல், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை நோக்கி ஓடிக்கொண்டே இருந்திருந்தால் 2023 டிசம்பர் வாக்கில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். ஒளிக்கு இதே தூரம் எட்டே கால் நிமிடந்தான்.

சரி, ரோகிணிக்கு யார் டேப் பிடித்து அளந்தார்கள்? கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை. விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். பூமி ஆறு மாதத்தில் சூரியனின் மறுபக்கம் போய்விடுவதால் அருகிலுள்ள விண்மீன்களும் அப்படி இம்மி இடம் மாறித் தெரிகின்றன. 1838-ல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் அந்த மாற்றத்தை முதன்முதலில் நம்பத்தக்க வகையில் அளந்தார்.

இது எங்கள் சர்வே முறையேதான். ஓர் அடிக்கோட்டை அளந்துவிட்டு, கோணத்தைப் பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். 1802-ல் லாம்டன் பரங்கிமலையருகே சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்து தொடங்கிய சர்வேயும் இப்படித்தான் வளர்ந்தது. அந்தப் பணியில் இருக்கும்போதே 1823-ல் அவர் இறந்த ஊர், நாம் சென்னைக்குப் போகும்போதெல்லாம் கடக்கிற ஹிங்கண்காட்.

வானில் அடிக்கோடு ஒரு வானியல் அலகு. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. இடமாற்றக் கோணம் ஒரு விகலையாக இருந்தால் அந்தத் தூரம் ஒரு பார்செக். அது 2,06,265 வானியல் அலகு, அதாவது 3.26 ஒளியாண்டு, அதாவது 30.86 லட்சம் கோடி கி.மீ. ரோகிணியின் கோணம் ஒரு விகலையில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே தூரம் இருபது பார்செக், 617 லட்சம் கோடி கி.மீ.

பேத்தி விடவில்லை. "முதல்ல 615, இப்போ 617. ரெண்டு லட்சம் கோடி கிலோமீட்டர் எங்கே போச்சு?" எங்கும் போகவில்லை. 65.2 என்று வருவதை நாங்கள் 65 ஆக்கிக்கொண்டோம், அவ்வளவுதான். அளந்தவன் இரண்டு இலக்கம் கொடுத்தால் மாற்றுபவன் பத்து இலக்கம் எழுதக் கூடாது.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிதில், பாலங்களின் கண் அகலம் 12.2, 18.3, 30.5 மீட்டர் என்று இருப்பதைப் பார்த்து, முழு எண்ணாக வைக்கக் கூடாதா என்று நினைத்ததுண்டு. பிறகுதான் புரிந்தது: அவை 40, 60, 100 அடி. பழைய வரைபடங்கள் அடியிலும் அங்குலத்திலும்தான் இருந்தன. அவற்றை மாற்றும்போது வெறும் எண்ணை எழுதாமல், ஒவ்வொரு வரியிலும் பக்கத்தில் அலகையும் எழுத வேண்டும் என்று எனக்குப் பாடம் சொன்ன மேலதிகாரி கற்றுக்கொடுத்தார். பணியில் இருந்தவரை அதை மீறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியிடம் வாய்க்கணக்காகச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன்! 1999-ல் அமெரிக்காவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்ததற்கும் காரணம், ஒரு குழு பவுண்டிலும் மறு குழு நியூட்டனிலும் கணக்குப் போட்டதுதான்.

அன்று இரவு மொட்டை மாடியில் கிழக்கே பார்த்தோம். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களின் கோட்டை மேலே நீட்டினால் செம்மஞ்சளாக ஒன்று மின்னும், அதுதான் ரோகிணி. இந்த ஒளி எப்போது கிளம்பியது என்று விரல் விட்டு எண்ணியவள், "தாத்தா, நீங்க பிறந்த சமயம்!" என்றாள். எனக்கு வயது 65.

மார்கழியில் முன்னிரவிலேயே ரோகிணி நன்றாகத் தெரியும். அன்பர்களும் பேரன் பேத்திகளுடன் மாடிக்குப் போய்ப் பாருங்கள். கையில் ஒரு காகிதமும் பென்சிலும் இருக்கட்டும்.