தைப்பூச நேரலையில் செய்தியாளர் குரல் தெளிவா கேட்பது எப்படி? காலர் மைக்குக்குள் ஒளிந்திருக்கும் குட்டி 'ஜேஃபெட்'!

தைப்பூசம் வந்தாலே கடலூர் மாவட்டம் வடலூரில் கூட்டம் அலைமோதும். 1872-ல் வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் விலக்கி ஜோதி தரிசனம் காட்டப்படும். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் நேரலையில் செய்தியாளர் பேசுவது நம்ம செல்போனில் கேட்குது. அவர் சட்டையில் குத்தியிருக்கும் காலர் மைக்குக்குள், மிளகைவிடச் சின்னதா ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. பெயர் 'ஜங்ஷன் ஃபீல்டு எஃபெக்ட் டிரான்சிஸ்டர்'. சுருக்கமாக, ஜேஃபெட்.

மைக்குக்குள் டிரான்சிஸ்டர் எதுக்கு?

காலர் மைக்குகள் பெரும்பாலும் 'எலெக்ட்ரெட்' வகை. 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் இருவரும் உருவாக்கியது. உள்ளே நிரந்தரமாக மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய படலமும், பக்கத்தில் ஒரு உலோகத் தகடும் இருக்கும். பேசினால் படலம் அதிரும். வோல்டேஜ் ஏறி இறங்கும்.

சிக்கல் என்னன்னா, அந்த சிக்னல் ரொம்ப நோஞ்சான். நேராக ஒயரில் விட்டால் வழியிலேயே கரைஞ்சுடும். அதிலிருந்து கரண்ட் இழுக்காமலே அதன் ஏற்ற இறக்கத்தைப் புரிஞ்சுக்கிற ஒரு கருவி வேணும். அதுதான் ஜேஃபெட்.

எப்படி வேலை செய்கிறது?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூபை கையால் அழுத்திப் பாருங்க. தண்ணீரில் ஒரு சொட்டுகூட நீங்க எடுப்பதில்லை. ஆனால் வரத்து குறையும். ஜேஃபெட் செய்வதும் இதுதான்.

இதற்கு மூன்று கால்கள். எலெக்ட்ரான்கள் நுழையும் இடம் 'சோர்ஸ்', வெளியேறும் இடம் 'டிரெயின்', அழுத்தும் கை 'கேட்'. சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் நடுவே 'என்' வகை சிலிக்கான் பாதை. அதை ஒட்டி 'பி' வகை சிலிக்கானில் கேட். இரண்டும் சேரும் ஜங்ஷனில் எலெக்ட்ரான் இல்லாத வெற்றுப் பகுதி உருவாகும். கேட்டில் நெகட்டிவ் வோல்டேஜ் கூடக் கூட இந்த வெற்றுப் பகுதி விரிந்து பாதையை நெருக்கும். கரண்ட் குறையும். ஒரு கட்டத்தில் பாதை முழுசா அடைபடும்.

சாதாரண டிரான்சிஸ்டர் கரண்ட் கொடுத்தால்தான் திறக்கும். ஜேஃபெட் அப்படியே தலைகீழ்: எப்பவும் திறந்தே இருக்கும், வோல்டேஜ் கொடுத்தால் மூடும். கேட் வழியே கரண்ட் கிட்டத்தட்ட பாயவே பாயாது. அதனால்தான் நோஞ்சான் சிக்னலும் தாக்குப்பிடிக்கிறது. இந்தக் கருவிக்கான கோட்பாட்டை 1952-ல் வெளியிட்டவர் வில்லியம் ஷாக்லி.

மைக் செத்துப்போச்சா? முதலில் இதைப் பாருங்க

ஜேஃபெட் வேலை செய்ய சில வோல்ட் மின்சாரம் வேணும். அதை செல்போன் அல்லது கேமராவின் மைக் சாக்கெட்டே கொடுக்கும். சில மைக்குகளில் பட்டன் பேட்டரி இருக்கும். பேட்டரி தீர்ந்தாலோ, கேமராவில் 'பிளக்-இன் பவர்' ஆஃப் ஆகியிருந்தாலோ குரல் வராது. பின்னையும் கவனிங்க: பொதுவாக மூன்று கறுப்புக் கோடு இருந்தால் செல்போனுக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. மாற்றிச் செருகினாலும் மைக் மௌனமாகிடும்.

இதையெல்லாம் பார்த்துட்டு, அப்புறம் புது மைக் வாங்கப் போகலாம்.