பேய் கிட்டே வந்தது எப்படி?

1799. பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்கள நினைவுகள் ஆறாத பாரிஸ். வான்டோம் சதுக்கத்துக்கு அருகே, துறவிகள் இல்லாமல் பாழடைந்து கிடந்த கப்புச்சின் மடத்துக்குள் மக்கள் காசு கொடுத்து நுழைந்தார்கள். விளக்குகள் அணைந்தன. கும்மிருட்டில் கண்ணாடிக் கிண்ணங்களின் இசை எழுந்தது. எங்கோ தொலைவில் ஒரு வெளிச்சப் புள்ளி. அது உருவமாகி, வளர்ந்து, முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தது.

இந்தக் காட்சிக்குப் பெயர் ஃபாண்டாஸ்மகோரியா. 1792-லேயே பிலிதோர் என்பவர் பாரிஸில் இதை நடத்தியிருந்தார். அதைப் பெரும் கலையாக வளர்த்தவர் லியேஜில் பிறந்த எத்தியென் காஸ்பார் ரொபேர். ரொபெர்ட்சன் என்ற பெயரில் புகழ்பெற்றவர். இயற்பியல் கற்றவர். வந்தவர்களுக்கு முதலில் மின்சாரச் சோதனைகளைக் காட்டுவார். ஆவி எதுவும் வரப்போவதில்லை, எல்லாம் ஒளியின் வேலைதான் என்று ஒளிக்காமல் சொல்லியும் விடுவார். அப்படியும் கூட்டம் நடுங்கியது!

கருவி புதிதல்ல. கண்ணாடிச் சில்லில் தீட்டிய படத்தை விளக்கொளியால் திரையில் வீழ்த்தும் மாய லாந்தரை 1659 வாக்கிலேயே டச்சு அறிஞர் ஹைகன்ஸ் செய்துவிட்டார். ரொபெர்ட்சன் அதைச் சக்கர வண்டியில் ஏற்றித் திரைக்குப் பின்னால் மறைத்தார். சில்லில் உருவத்தைச் சுற்றியுள்ள இடம் முழுவதும் கறுப்பு மை. அந்த மைதான் என்னைக் கேட்டால் இதில் ஆகப்பெரிய சாமர்த்தியம். அது இல்லாவிட்டால் திரையில் வெளிச்ச வட்டம் விழுந்திருக்கும். அங்கே திரை இருப்பது தெரிந்துபோயிருக்கும். மை பூசியதால் உருவம் மட்டும் அந்தரத்தில் மிதந்தது.

வண்டியைப் பின்னுக்கு இழுத்தால் படம் பெரிதாகும். இருட்டில் தூரத்தை ஒப்பிட வேறு பொருள் எதுவும் கண்ணில் படாதபோது, பெரிதாவதை நெருங்கி வருவதாகவே மூளை கணக்கிடுகிறது. அறிவு குறுக்கிட்டு ‘இது பொய்’ என்று சொல்வதற்குள் உடம்பு பதறிவிடுகிறது. சில மாதக் குழந்தையும், குரங்கும்கூட, திரையில் வெறும் நிழல் வேகமாகப் பெரிதானாலே தற்காத்துக்கொள்ளப் பார்ப்பதைப் பிற்காலச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆனால் இதில் ஒரு சிக்கல். படத்தின் அகலம் இரண்டு மடங்கானால் அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டும், பிரகாசம் கால்வாசியாகிவிடும். கிட்டே வரும் பேய் மங்கிக்கொண்டே வந்தால் யார் நம்புவார்கள்? போதாக்குறைக்குக் குவியமும் கலையும். ஆகவே வண்டியை இழுப்பவர் சத்தம் வராமல் நகர்த்திக்கொண்டே லென்ஸையும் சரிசெய்து, சிறிய உருவத்துக்குக் குறைத்து வைத்த வெளிச்சத்தைப் படம் வளர வளரத் திறந்துவிட வேண்டும். இருட்டில் வியர்வை வழிய நின்ற அந்த உதவியாளரின் கைப்பழக்கத்தில்தான் பேயின் உயிரே இருந்தது.

ரொபெர்ட்சன் தம் கருவிக்கு 1799-ல் காப்புரிமை வாங்கினார். பழைய உதவியாளர்கள் போட்டிக் காட்சி தொடங்க, வழக்குத் தொடர்ந்தார். வழக்கில் தொழில் ரகசியம் வெளியே வந்தது. ஐரோப்பா எங்கும் ஃபாண்டாஸ்மகோரியாக்கள் முளைத்தன. 1801-ல் லண்டன் லைசியம் அரங்கிலும் பேய்கள் பாய்ந்தன. ஒளி அலையாகப் பரவுகிறது என்று வாதாடிய தாமஸ் யங்கையே இந்தக் கேளிக்கை ஈர்த்தது. வண்டி நகரும்போதே குவியமும் வெளிச்சமும் தாமாகச் சரியாகும் ஓர் அமைப்பை 1807-ல் வெளியான தம் விரிவுரைத் தொகுப்பில் அவர் விளக்கினார்.