வெளியூர் ஆட்டமும் வெறும் ஆசையல்ல

கிண்டியில் மெட்ரோ ஏறி நேரு விளையாட்டரங்கம் போய் சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்குக் குரல் கொடுக்கும் ரசிகருக்கு, அணி வெளியூர் கிளம்பும் வாரத்தில் மனம் சற்றுத் தளர்வது இயல்பு. பயண அலுப்பு, பழகாத மைதானம், எதிரணிக் கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து உள்ளூர் அணிக்குக் கைகொடுக்கின்றன. கொரோனா காலத்தில் ஐரோப்பாவில் ஆளில்லா அரங்குகளில் ஆடியபோது இந்தச் சாதகம் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. ஆனாலும் சென்னை ரசிகரின் நம்பிக்கைக்கு அடித்தளம் உண்டு. அணி வென்ற இரண்டு ஐஎஸ்எல் கோப்பைகளும் எதிராளியின் வீட்டிலேயே வென்றவை. 2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டாவில் 87ஆவது நிமிடத்தில் 1–2 எனப் பின்தங்கிய அணி, கடைசி நிமிடங்களில் 3–2 என வென்றது. வெற்றி கோலை மென்டோசா அடித்தார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் எதிரணியின் சுனில் சேத்ரி 9ஆவது நிமிடத்திலேயே கோல் போட்டார். சென்னை அணியின் மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள் ஆட்டத்தைத் திருப்பின, மீண்டும் 3–2.

இறுதியாட்டம் வேறு, லீக் ஆட்டம் வேறு என்பார்கள். 2020 இறுதியாட்டத்தில் அதே ஃபதோர்டாவில் ஏடிகே அணியிடம் 1–3 எனத் தோற்றதையும் நினைவூட்டுவார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் நம்பிக்கை என்பது வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல. முதல் கோலை வாங்கியதும் ஆட்டம் முடிந்துவிடாது என்ற தெளிவு. அணி பின்தங்கினாலும் கடைசி விசில்வரை எழுந்து போகாதீர்கள்.