இப்போது வாங்குவதா, பொறுப்பதா? கடுகண்ணாவையில் ஒரு கிராபிக்ஸ் காட் கணக்கு

"அக்கா, கிராபிக்ஸ் காட் இப்ப எடுக்கவா, கொஞ்சம் பொறுக்கவா?"

கேட்டவர் கடுகண்ணாவையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு தம்பி. 1983 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சி போய், 2009க்குப் பின் மறுபடி மலைக்கே திரும்பிய குடும்பம். அம்மாவிடம் மிஞ்சியிருக்கும் காப்பை அடகு வைத்துக் காட் எடுப்பது யோசனை.

வெளிநாட்டு யூடியூப்காரர்கள் "அடுத்த மொடல் வரும், பொறுங்கள்" என்பார்கள். அவர்கள் டொலரில் உழைத்து டொலரில் வாங்குகிறார்கள். நமக்கு ரூபாய் அசையும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360 ரூபாய். 300 டொலர் காட் ஒன்று, அமெரிக்காவில் ஒரு சதமும் கூடாமலே, இங்கே 60,000 இலிருந்து 108,000 ஆனது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாகியது.

பொறுத்தவர்கள் வென்ற காலமும் உண்டு. 2022இல் கிரிப்டோ நாணயங்கள் சரிந்தன. செப்டெம்பர் 15இல் எதீரியம் காட் தேவையில்லாத முறைக்கு மாறியது. நாணயம் 'தோண்டிய' காட்கள் சந்தைக்கு வந்து விலை இறங்கியது. இன்றைய நிலை வேறு. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரி சிப்களை விழுங்குகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் 'குரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்ற மெமரி வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. சும்மா பொறுத்தால் விலை விழும் என்று நான் நம்பவில்லை.

அதற்காகக் காப்பை அடகு வைக்கவும் சொல்லமாட்டேன். காட் இல்லாததால் எத்தனை வேலை கைவிட்டுப் போகிறது, அந்தக் காசு வட்டியோடு முதலையும் அடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். கேம் விளையாடத்தான் என்றால் கேள்வியே இல்லை, பொறுக்கலாம். எடிட்டிங்குக்கு 'ப்ரொக்சி' வழி இருக்கிறது: வீடியோவின் சிறிய பிரதியில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலத்திலிருந்து வெளியே எடுப்பது. செலவில்லை, நேரம்தான் போகும்.

வாங்கியே ஆகவேண்டுமென்றால் புதியதுதான் நல்லது என்றில்லை. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 காடுக்கு 12 ஜிபி மெமரி. 2025இல் வந்த 5060க்கு 8 ஜிபிதான். 4கே வீடியோவுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பாவித்த காட் என்றால் கடையிலேயே அரை மணித்தியாலம் பாரமான வேலை கொடுத்து ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் கவனியுங்கள். வொரன்டியை எழுத்தில் வாங்குங்கள். கொழும்பில் கொஞ்சம் மலிவாக இருந்தாலும், பழுதானால் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கக் கண்டிதான் கிட்ட.

தம்பி இப்போதைக்கு ப்ரொக்சியில் வேலை செய்கிறார். இரண்டு கல்யாணக் காசு கைக்கு வந்ததும் கண்டிக்குப் போவாராம். 3060க்கு 170 வாட் வேண்டும்; தன் கணினியின் பவர் சப்ளை எத்தனை வாட் என்று அவர் இன்னும் பார்க்கவில்லை.