தேர்வானவர் இன்னும் சேர்ந்தவர் அல்ல



சித்தூர் பேருந்து நிலையத்தில் பொழுது விடியுமுன்னே பெங்களூர்ப் பேருந்துக்காகக் காத்து நிற்கிற வாலிபப் பிள்ளைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். கையிலே ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் மதிப்பெண் பட்டியல்களும், ஆதார் நகலும், சில புகைப்படங்களும். பலமநேர், முளபாகல், கோலார் கடந்து டின் ஃபேக்டரியில் இறங்கி, அங்கிருந்து நகரப் பேருந்து பிடித்துப் பத்து மணிக்குள் ஓர் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். திருப்பதிப் பிள்ளைகளோ ரேணிகுண்டா, புத்தூர், அரக்கோணம் வழியாகச் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். இதை வாசிக்கிற உங்களில் அநேகர் ஒரு காலத்தில் அதே பேருந்திலும் ரயிலிலும் பட்டணத்துக்கு வந்தவர்கள்தான். இன்று உங்கள் அக்காள் மகனோ, சித்தப்பா மகளோ வேலை தேடி உங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருக்கக்கூடும்.

திருப்பதியில் 1954 முதல் பல்கலைக்கழகம் உண்டு; 2015 முதல் ஐ.ஐ.டி.யும் உண்டு. இரண்டு ஊர்களைச் சுற்றியும் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கரக்கம்பாடியில் பேட்டரித் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீசிட்டியில் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை சாஃப்ட்வேர் வேலை என்று கேட்டால், பெரும்பாலும் பெங்களூருக்கோ சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோதான் கையைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே நேர்முகத் தேர்வு என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரக் காரியம் அல்ல. போகவர நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிரயாணம். அதற்குப் பின் நாட்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், செல்போனைப் பார்த்துக்கொண்டே காத்திருத்தல். அறைக்குள் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர அநேகர் உண்டு. அறையை விட்டு வெளியே வந்த பின் எப்படி நடந்துகொள்வது என்பதைச் சொல்லித்தருகிறவர்கள்தான் குறைவு.

அறைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சுயவிவரக் குறிப்பில் எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். முக்கியமாக, கடைசி ஆண்டு ப்ராஜெக்ட். அதை ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது தேர்வு நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள், "இதில் நீங்களே எழுதிய பகுதி எது?" என்று கேட்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்து செய்ததில் உள்நுழைவுப் பக்கத்தை மாத்திரம் நீங்கள் செய்திருந்தால், அதையே சொல்லுங்கள். அதைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டாலும் உங்களால் பதில் சொல்ல முடியும். தெரியாத கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்வதில் குறைவொன்றுமில்லை, "இதை நான் செய்து பார்த்ததில்லை, இப்படி ஆரம்பிப்பேன் என்று நினைக்கிறேன்" என்று ஓர் அடி முன்னே வைத்தால் போதும். அரியர் இருந்து எழுதித் தேறியிருந்தாலும் (நம் ஊரில் அதற்குப் பேக்லாக் என்று பெயர்), ஓராண்டு வேலையில்லாமல் இருந்திருந்தாலும், இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நீட்டினால் சந்தேகம் வரும்.

வீட்டிலே தமிழ், பள்ளியிலே தெலுங்கு, கல்லூரியிலே ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை. சென்னையில் எதிரே இருப்பவர் தமிழர் என்று தெரிந்தவுடனே தமிழுக்குத் தாவாதீர்கள்; அவர் முதலில் பேசினால் நீங்களும் பேசலாம். தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்துக்காக வெட்கப்படவும் வேண்டாம். மெதுவாக, சிறு வாக்கியங்களாகப் பேசுகிறவரை யாரும் புறக்கணிப்பதில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கிறவரைத்தான் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வீடியோ மூலம் நடக்கும் தேர்விலே பக்கத்தில் நண்பனை உட்காரவைத்துப் பதில் வாங்குவதும், இன்னொரு திரையில் பதில் தேடிப் படிப்பதும் இப்போது பெருகியிருக்கிறது. அதன் விளைவாகச் சில நிறுவனங்கள் மறுபடியும் நேரில் அழைக்கத் தொடங்கிவிட்டன. கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் சுந்தர் பிச்சையே, ஒரு சுற்றாவது நேரில் நடக்கும் என்று 2025-இல் சொன்னார்.

எழுந்திருக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

"உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். நம் பிள்ளைகளில் அநேகர் "ஒன்றுமில்லை, சார்" என்று பயபக்தியோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். "முடிவை எப்போது எதிர்பார்க்கலாம்? அதைக் குறித்து நான் யாருக்கு எழுத வேண்டும்?" என்று கேளுங்கள். பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்தவர்தான் பிறகு இராத்தூக்கமின்றித் தவிக்கிறார்.

அன்று மாலையே நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருள் வரியில் உங்கள் பெயர், வேலையின் பெயர், தேர்வு நடந்த தேதி. உள்ளே, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. பேசிய ஒரு காரியத்தைப் பற்றி ஒரு வரி. இந்த வேலையில் உங்களுக்கு விருப்பம் உண்டு என்பது. உங்கள் செல்போன் எண். அவ்வளவே. அவர்கள் சொன்ன தேதி கடந்து ஒரு வாரம் ஆகட்டும். பிறகு அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகவே, "இன்ன தேதியில் நடந்த தேர்வின் முடிவை அறிய விரும்புகிறேன், வேறு ஏதாவது விவரம் தேவையானால் தெரிவியுங்கள்" என்று எழுதுங்கள். இன்னும் இரண்டு வாரம் பதில் இல்லையானால் மேலும் ஒரு முறை. அதற்கு மேல் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வாகாதவர்களுக்கு அதைத் தெரிவிக்கிற மரியாதை அநேக நிறுவனங்களிடத்தில் இல்லை. மௌனமே பதில் என்று எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு விண்ணப்பியுங்கள். உண்மையில், முதல் மின்னஞ்சல் அனுப்பிய மறுநாளே அடுத்த விண்ணப்பமும் போயிருக்க வேண்டும்.

செய்யக்கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வணக்கம் போடாதீர்கள். பெற்றோரே, தயவுசெய்து நீங்கள் மனிதவளத் துறைக்குப் போன் செய்து, "பையனுக்கு எப்போது ஆர்டர் வரும்?" என்று கேட்காதீர்கள். அன்பினால்தான் கேட்கிறீர்கள். ஆனால் அங்கே அது பிள்ளையின் இயலாமையாகவே குறிக்கப்படும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். "செலக்ட் ஆகிவிட்டாய்" என்கிற செய்தி வருகிறது. வீட்டிலே சந்தோஷம். அந்த வாரமே சபையில் எழுந்து நின்று வேலை கிடைத்ததென்று சாட்சி சொல்லியாயிற்று. தகப்பன் அந்தச் சம்பளத்தை நம்பிக் கைமாற்று வாங்குகிறார். சில வீடுகளில் பெண் பார்க்கவும் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் தேர்வுச் செய்தி ஒன்று. சம்பள விவரம் எழுதிய ஆஃபர் கடிதம் வேறொன்று. சேரும் தேதி மூன்றாவது. சேர்ந்தபின் வருகிற நியமனக் கடிதம் நான்காவது. இவற்றின் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதற்கு அண்மை ஆண்டுகளே சாட்சி.

2022-ஆம் ஆண்டு படிப்பு முடித்து, இன்ஃபோசிஸ் நிறுவனத்துக்குக் கல்லூரியிலேயே தெரிவானவர்களில் ஏறக்குறைய 2,000 பேர் இரண்டு ஆண்டுகளாகியும் சேர்க்கப்படவில்லை என்று, ஐ.டி. ஊழியர் அமைப்பாகிய நைட்ஸ் 2024 ஆகஸ்டில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. கொடுத்த வாக்கை நிறைவேற்றுவோம் என்று நிறுவனம் சொன்னது. அக்டோபரில் பிள்ளைகள் மைசூர் வளாகத்தில் சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில், உள்தேர்வை மூன்று முறை எழுதியும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று நம்பிக் காத்திருந்த புதியவர்களிடம், 2023 பிப்ரவரியில், 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. இவை சந்துமுனைக் கம்பெனிகள் அல்ல; நாட்டின் முன்னணி நிறுவனங்கள்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. தேர்வானதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ஆனால் "தேர்வாகியிருக்கிறான், சேரும் தேதிக்காகக் காத்திருக்கிறான்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை வித்தியாசம், பிற்பாடு தேதி தள்ளிப்போனால் உங்கள் பிள்ளை ஆராதனைக்கு வரவே கூசுகிற நிலையைத் தவிர்க்கும். சேரும் தேதி குறித்து மாதத்துக்கு ஒரு முறை எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். காத்திருக்கும் காலத்தில் படிப்பதை நிறுத்தாதீர்கள். மைசூரில் கேட்கப்பட்டதும் அதுதான். ஏற்கெனவே சிறியதொரு வேலையில் இருக்கிறவர், தேதியிட்ட ஆஃபர் கடிதம் கையில் வராமல் அந்த வேலையை விடக்கூடாது.

கடிதத்தை வாசிக்கும்போது சி.டி.சி. என்கிற எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் சம்பளம் என்று எண்ணிவிடாதீர்கள். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பொதுவாக ஐந்தாண்டு சேவைக்குப் பின்பே கிடைக்கிற பணிக்கொடை, வேலைத்திறனைப் பொறுத்து மாறுகிற தொகை ஆகியவையும் அதற்குள் அடங்கியிருக்கும். "மாதம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று எழுதிக் கேட்பது உங்கள் உரிமை. ஒப்பந்தக் காலம், அதாவது பாண்ட், இருந்தால் தொகையையும் ஆண்டுகளையும் பாருங்கள். அது வெறும் மிரட்டல் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்கிற ஒரு வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்திருக்கிறது. மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள். நகலை மாத்திரம் கொடுங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சேர்ந்தபின் அதைக் கேட்டு வாங்குங்கள்.

குறுக்கு வழிகள்

காத்திருந்து சோர்ந்த பிள்ளையிடம்தான் இரண்டு வகையான மனிதர்கள் வருகிறார்கள்.

முதலாமவர், "இரண்டு வருட அனுபவம் இருப்பதாகக் கடிதம் தருகிறேன்" என்கிறவர். சம்பளச் சீட்டும் தருவார். கேட்டால் போனில் மேலாளராகவும் பேசுவார். "எல்லாரும் செய்கிறார்கள்" என்று உறவினரே சிபாரிசு செய்வதும் உண்டு. ஆனால் 2014 முதல் வருங்கால வைப்பு நிதிக்கு ஒருவருக்கு ஒரே எண் இருக்கிறது. எங்கே எப்போது வேலை செய்தீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். சம்பளத்தில் வரி பிடித்தார்களா என்பதும் தெரியும். 2022-இல் அக்சென்ச்சர் நிறுவனம், போலி நிறுவனங்களின் அனுபவக் கடிதங்களைக் காட்டி இந்தியாவில் சேர்ந்தவர்களை வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் நேர்முகத் தேர்விலே தோற்றவர்கள் அல்ல. தேறி, மேசையும் அடையாள அட்டையும் பெற்று, வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள். பொய்யோடு சேருகிறவர் ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தச் சம்பளத்தைக்கொண்டு அதற்கு ஈடு செய்வது?

இரண்டாமவர் இன்னும் ஆபத்தானவர். வெளிநாட்டு வேலை, பெரிய சம்பளம் என்பார். லாவோஸ் நாட்டைக் குறித்து நம் தூதரகம் வெளியிட்ட எச்சரிக்கையில் இவர்களுடைய முறை அப்படியே சொல்லப்பட்டிருக்கிறது: எளிதான ஒரு நேர்முகத் தேர்வு, ஒரு தட்டச்சுத் தேர்வு, உயர்ந்த சம்பளம், தங்குமிடம், விமானச் சீட்டு, விசா எல்லாம் தருவதாக வாக்கு. போய்ச் சேருகிற இடமோ இணைய மோசடி நடத்தும் முகாம். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்து மியான்மருக்குள் கடத்திச் செல்வதைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. 2025 மார்ச்சில், அப்படிச் சிக்கிய 283 இந்தியரை விமானப்படை விமானத்தில் மீட்டுவர வேண்டியதாயிற்று. ஆகவே நேர்முகத் தேர்வு அளவுக்கு மீறி எளிதாயிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். வெளிநாடு என்றால், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். உள்நாட்டு வேலைக்கு மடிக்கணினி முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டதானால் தாமதியாமல் 1930 என்கிற எண்ணை அழையுங்கள்.

கடைசியாக, பட்டணத்தில் வீடு வைத்திருக்கிற உங்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊரிலிருந்து வந்த பிள்ளை இன்று மாலை தேர்வு முடிந்து திரும்பும்போது, காலணியைக் கழற்றுமுன்னே "என்ன ஆயிற்று?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் மதியம் சாப்பிட்டிருக்க மாட்டான். முதலில் சோறு போடுங்கள். பிறகு, முடிவைக் குறித்து யாருக்கு எழுத வேண்டும் என்று பெயரும் முகவரியும் குறித்துக்கொண்டு வந்தானா என்று கேளுங்கள். வந்திருந்தால் உங்கள் கம்ப்யூட்டரை அரை மணி நேரம் அவனுக்குக் கொடுங்கள். அந்த நான்கு வரி மின்னஞ்சலை அவனே எழுதட்டும்.