பழைய செல்போன் படத்தைப் பெரிதாக்கலாமா?

நம் பக்கத்து வீடுகளில் நடுவீட்டுச் சுவரைப் பாருங்கள். தாத்தா, பாட்டி படம் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே 2005-ஐ ஒட்டிய வருடங்களில் தவறிப்போன ஒருவரின் படம் மாட்டியிருந்தால், அது பெரும்பாலும் மங்கலாக, கட்டம் கட்டமாக இருக்கும். காலம் முன்னே போயிருக்கிறது, படம் மட்டும் ஏன் பின்னே போனது?

காரணம் எளியது. அந்தக் காலத்தில்தான் ஃபிலிம் கேமரா வீட்டை விட்டுப் போய், கேமரா வைத்த செல்போன் உள்ளே வந்தது. ஃபிலிம் நெகடிவ் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பெரிய படம் போடலாம். செல்போனில் எடுத்ததோ மெமரி கார்டிலேயே தங்கிவிட்டது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுமுன் எடுத்துக்கொண்ட படம்தான் சில வீடுகளில் கடைசிப் படம். மாலை நேரத்தில் ஒரு போட்டோ கடையில் கைவேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன்: "தம்பி, இதப் பெருசு பண்ணிக் குடுக்க முடியுமா?" இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

புள்ளிக் கணக்கு

டிஜிட்டல் படம் என்பது நம் வீட்டு வாசலில் போடும் புள்ளிக் கோலம் மாதிரி. எத்தனை புள்ளி என்பதுதான் அதன் முதல். 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தை முதன்முதலாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். அது 176 × 176 புள்ளி, மொத்தம் 30,976 மட்டுமே. 2003-ல் வந்த நோக்கியா 6600 போன்ற செல்போன்களில் 640 × 480, அதாவது 3,07,200 புள்ளி. 'விஜிஏ கேமரா' என்று பெருமையாகச் சொன்னோமே, அது இதுதான்.

கையில் வைத்துப் பார்க்கும் நல்ல பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சுத் தொழிலில் உள்ள பழக்கம். 640-ஐ 300-ஆல் வகுத்தால் 2.13 அங்குலம். 480-ஐ வகுத்தால் 1.6 அங்குலம். ஆக, ஒரு விஜிஏ படம் முழுத் தெளிவோடு ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் வரும்.

ஆனால் மனம் தளர வேண்டாம்! 300 என்பது கண்ணுக்குப் பத்து அங்குலத்தில் பிடித்துப் பார்ப்பதற்கான கணக்கு. சாதாரணக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தை மட்டுமே பிரித்தறிய முடியும். இதிலிருந்து ஒரு சுலபமான வாய்ப்பாடு கிடைக்கிறது. 3,438-ஐப் பார்க்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால், அந்தத் தூரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி போதும் என்று தெரியும். பத்து அங்குலத்தில் சுமார் 344. ஆறு அடி, அதாவது 72 அங்குலத்தில் வெறும் 48. அதே விஜிஏ படத்தை 12 × 9 அங்குலத்தில் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 53 புள்ளி வரும். சுவரில் மாட்டி ஆறடி தள்ளி நின்று பார்த்தால் அது போதும். ரோட்டோர ஃப்ளெக்ஸ் பேனர் தூரத்தில் அழகாகவும் கிட்டத்தில் பொரிபொரியாகவும் தெரிவது ஏன் என்பதும் இப்போது விளங்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வருகிற படங்களில் பாதி, கூட்டமாக நின்று எடுத்தவை. "இதுல இருக்கறவர மட்டும் தனியா எடுத்துக் குடுங்க" என்பார்கள். அந்த முகம் 64 புள்ளி அகலம்தான் இருக்கும். அதை எட்டு அங்குல அகலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு எட்டே புள்ளி!

இடையில் நிரப்புவது என்ன?

பெரிதாக்கும்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் அளவு 100, 200 என்றால், நடுவில் 150 என்று ஒரு புதுப்புள்ளியை வைக்கிறது. இதற்கு பைலீனியர், பைக்யூபிக், லான்சோஸ் என்று பல முறைகள் உண்டு. எல்லாமே சராசரிக் கணக்கின் வகைகள்தான். ஒரு படி ராகி மாவில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் கூழ் பெருகுமே தவிர மாவு பெருகாது. அதுபோல் புள்ளி பெருகும், விவரம் பெருகாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. செல்போன் படங்கள் ஜேபெக் முறையில் சுருக்கப்பட்டவை. 1992-ல் தரநிலையாக வந்த இந்த முறை, படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய விவரங்களை உதிர்த்துவிடும். 64 புள்ளி முகத்தில் குறுக்கே எட்டுக் கட்டம்தான். பெரிதாக்கும்போது முகத்தில் சதுரம் சதுரமாகத் தெரிவது இந்தக் கட்டங்களின் ஓரங்களே. நிறத்தைப் பெரும்பாலும் இன்னும் குறைவான விவரத்தோடு சேமிப்பதால், கன்னத்தில் பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாக வரும். படத்தைத் திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கச் சேமிக்க இந்த இழப்பு கூடிக்கொண்டே போகும்.

புது வித்தையும் அதன் ஆபத்தும்

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2014-ல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த வழியைக் காட்டினார்கள். 2021-ல் வந்த ரியல் ஈஎஸ்ஆர்கேன் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், 'இந்த இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும்' என்று ஊகித்து நிரப்புகிறது. மரம், சுவர், சேலைக் கரை என்றால் ஊகம் கொஞ்சம் தவறினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. முகம் அப்படி அல்ல.

2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் பல்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. 16 × 16 புள்ளி முகத்தை 1024 × 1024 ஆக்கும். ஒருவர் அதில் பராக் ஒபாமாவின் மங்கல் படத்தைக் கொடுத்தபோது, வந்தது ஒரு வெள்ளைக்காரர் முகம்! மென்பொருள் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தைச் சுருக்கினாலும் அதே 16 × 16 படம்தான் வரும். ஒரு சின்னப் படத்துக்குள் பல பெரிய முகங்கள் பொருந்தும் என்பதுதான் இதில் உள்ள உண்மை.

எங்கள் கடைக்கு ஓர் அம்மா வந்தார். தவறிப்போன மகனின் படத்தைப் பேரன் ஏதோ ஒரு ஆப்பில் போட்டுத் தெளிவாக்கிக் கொடுத்திருந்தான். தோல் வழவழவென்று, பல்வரிசை முத்து மாதிரி. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எம் மவன் மாதிரிதான் இருக்குது. ஆனா எம் மவன் இல்லப்பா" என்றார். மூலப்படத்தைத் திறந்து பார்த்தோம். இடது கன்னத்தில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. மச்சம்! மனித முகம் சுமார் 14 சென்டிமீட்டர் அகலம் என்றால், 64 புள்ளிப் படத்தில் ஒரு புள்ளி 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மச்சத்தின் அளவே அவ்வளவுதான். மென்பொருள் அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அம்மாவுக்கோ அந்தப் புள்ளியில்தான் மகன் இருந்தான்.

ஒற்றைப் புள்ளிக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்பீர்கள். 2019 செப்டம்பர் 7-ல் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் நிலவில் விழுந்தது. நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படத்தில் ஒரு புள்ளி 1.3 மீட்டர். சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒற்றை வெளிச்சப் புள்ளியைக் கண்டு சொன்னார். அது லேண்டரின் சிதறல்தான் என்று அவர் பெயரைச் சொல்லியே நாசா அந்த டிசம்பரில் அறிவித்தது. அவர் கையாண்ட வழி ஒப்பிட்டுப் பார்ப்பது. வழவழப்பாக்கியிருந்தால் முதலில் மறைந்திருப்பது அந்தப் புள்ளிதான்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மூலக் கோப்பைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தது மேலும் சுருங்கியிருக்கும். ஸ்கிரீனைப் படம் பிடித்ததும் உதவாது. பழைய மெமரி கார்டிலிருந்து நேராகக் காப்பி எடுங்கள். அனுப்ப வேண்டுமானால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். மூலத்தின் மேல் எதையும் சேமிக்காதீர்கள்.

இரண்டாவது, எங்கே மாட்டுவது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது என்று கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, பெரிதாக்கும் முன்பே நிறத் திட்டுகளை லேசாகக் குறையுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். நிறம் ரொம்பக் கெட்டிருந்தால் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். திட்டுகள் மறைந்து முகம் எழும்.

நான்காவது, தேவையான அளவுக்கு ஒரே தடவையில் பெரிதாக்குங்கள். பிறகு கூர்மை கொஞ்சம், ஃபிலிம் படத்தில் இருப்பது போன்ற மெல்லிய பொரி கொஞ்சம். பொரி சேர்த்தால் வழவழப்பு உறுத்தாது.

ஐந்தாவது, பளபளப்புத் தாளைவிட மேட் தாள் மங்கலை மன்னிக்கும். 12 × 9 சட்டத்துக்குள் வெள்ளை ஓரம் விட்டு 6 × 4½ அங்குலப் படம் வைத்தால் பார்வைக்கு இன்னும் கௌரவமாக இருக்கும்.

ஆறாவது, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் துணிக்கும் பின்னணிக்கும் மட்டும். முகத்துக்குப் பயன்படுத்தினால், அச்சடிக்கும் முன் அந்த வீட்டாரிடம் மூலப்படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மச்சம், தழும்பு, கம்மல், மூக்குத்தி எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவர்கள் கண்தான் கடைசிப் பரிசோதனை.

மாணவ நண்பர்களே! மெமரி கார்டில் படம் மின்னூட்டமாகத்தான் பதிந்திருக்கிறது. வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பரணில், அலமாரி மூலையில் கிடக்கும் பழைய செல்போன்களைத் தேடி எடுங்கள். உள்ளதை உள்ளபடி இரண்டு இடங்களில் காப்பி செய்து வையுங்கள். பெரிதாக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.